ஒரு பக்கம் பிடி, ஒரு பக்கம் விடு: சொந்தமாகச் செய்த சி.என்.சி. ஸ்லைடு

சி.என்.சி. ராவுட்டர், அதாவது கம்ப்யூட்டர் சொல்கிற கோட்டில் கட்டரை ஓட்டி மரம் செதுக்கும் மெஷின், கட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் மோட்டாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எத்தனை கிலோ டார்க், எந்த டிரைவர், எந்த சாஃப்ட்வேர். கட்டரைச் சுமந்த வண்டி ஓடுகிற ஸ்லைடு எப்படி என்று கேட்பவர் அபூர்வம். மோட்டார் தள்ளுவதோடு சரி. எந்தக் கோட்டில் போக வேண்டும் என்று முடிவு செய்வது தண்டவாளமும் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் பேரிங்கும்தான். அதனால் இந்தப் பதிவில் மோட்டார் கிடையாது, எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஸ்லைடு மட்டும்.

என் மச்சான் மரக்கதவுப் பட்டறை வைத்திருக்கிறார். பூஜை அறைக் கதவில் பதிக்கும் சின்னப் பலகைகளில் வேலைப்பாடு செய்ய ஒரு மெஷின் வேண்டும் என்றார். தேக்கு, வேங்கை, சில சமயம் மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பகலில் நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன், பேரிங் மாற்றுவதுதான் பிழைப்பு. அந்தத் தைரியத்தில் ஒப்புக்கொண்டேன். மரத்துக்குப் பத்தில் ஒரு மில்லி துல்லியம் தாராளம். இரும்பு வெட்டுகிற மெஷினுக்கு இந்தப் பதிவு பொருந்தாது.

எல்.எம். கைடு, அதாவது குண்டுகள் மேல் வண்டி ஓடும் ரெடிமேட் தண்டவாளம், வாங்கிப் போட்டால் முடிந்ததே என்று கேட்கலாம். ஜப்பானின் டி.எச்.கே. 1972-ல் அதை உருவாக்கியதிலிருந்து மெஷின் கட்டுகிறவர்களின் வாழ்க்கையே மாறிவிட்டது, அதில் சந்தேகமில்லை. தினமும் எட்டு மணி நேரம் ஓட்டி அதில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் அதையே வாங்குங்கள். ஆனால் ஒரு விஷயம் தெரிந்து வாங்குங்கள். 15 அல்லது 20 அளவு தண்டவாளம் பார்க்க விறைப்பாக இருந்தாலும், போல்ட் போட்டு இறுக்கியதும் அடியில் இருக்கும் தளத்தின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும். தளம் நேராக இருந்தால்தான் அதுவும் நேர். இரண்டு தண்டவாளமும் சில பத்து மைக்ரானுக்குள் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) இணையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுவில் வண்டி சிக்கும். வெல்டிங் செய்த பாக்ஸ் பைப்பின் மேல் தளத்தை மில்லிங் போடாமல் (மெஷினில் சீவிச் சமன் செய்யாமல்) அப்படியே கைடை ஏற்றினால், கொடுத்த காசு முழுக்க சிக்கலைத்தான் வாங்கித் தரும். ஒரு மீட்டர் ஃப்ரேமை மில்லிங் போட ஆகும் செலவையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

உருண்டை ராடு இன்னொரு ஆசை. குரோம் போட்ட 12 மில்லி ராடு, இரு முனையிலும் பிடித்துவிட்டு நடுவில் லீனியர் பேரிங். கணக்குப் போட்டால் ஆசை தெளிந்துவிடும். இரு முனையில் வெறுமனே தாங்கிய 500 மில்லி நீள ராடின் நடுவில் 5 கிலோ வைத்தால், 12 மில்லி ராடு சுமார் 0.6 மில்லி தொய்யும். 16 மில்லி ராடு 0.2. 20 மில்லி ராடு 0.08. விட்டத்தின் நான்காம் அடுக்கு நமக்குச் சாதகமாக, நீளத்தின் மூன்றாம் அடுக்கு நமக்கு எதிராக. முனைகளை அசையாமல் கெட்டியாகப் பிடித்தால் தொய்வு நாலில் ஒரு பங்காகும், ஆனால் அப்படிப் பிடிப்பது சொல்வதுபோல் சுலபம் இல்லை. நீளமான அச்சுக்கு உருண்டை ராடு வேண்டாம் என்று அங்கேயே விட்டுவிட்டேன். கட்டர் மேலும் கீழும் போகிற இசட் அச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். 200 மில்லி நீளத்தில் அதே 16 மில்லி ராடு, அதே எடைக்கு ஏறக்குறைய 13 மைக்ரான்தான் தொய்கிறது.

சரி, பிறகு என்ன செய்வது? விடை கோவை ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத்துப் பட்டறையில் இருந்தது. நான் வரைந்து எடுத்துப்போன படத்தில் இரண்டு தண்டவாளத்திலும் மேல், கீழ், உள்பக்கம், வெளிப்பக்கம் என்று எல்லாப் பக்கமும் பேரிங் இருந்தது. டர்னர் அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஏந்தம்பி, ரெண்டு பக்கமும் இப்படி இறுக்கிப் புடிச்சா அது எப்படி ஓடும்?"

"ஆட்டம் இருக்கக் கூடாதுங்ணா."

"ஆட்டம் ஒரு பக்கம் புடிச்சாலே போயிரும். இங்க பாருங்க."

லேத்து பெட்டைத் துணியால் துடைத்துக் காட்டினார். முன்பக்கம் கவிழ்த்த வீ வடிவ மேடு. பின்பக்கம் வெறும் ஃப்ளாட். கேரேஜை, அதாவது டூலைச் சுமந்து நகரும் பாகத்தை, நேர்கோட்டில் வைத்திருப்பது முன்பக்கத்து வீ மட்டும்தான். பின்பக்கத்து ஃப்ளாட் எடையை வாங்கிக்கொள்கிறதே தவிர, பக்கவாட்டில் எதையும் கட்டுப்படுத்துவதில்லை. ஃப்ளாட் ஒரு மில்லி தள்ளி இருந்தாலும் கேரேஜுக்கு அக்கறை இல்லை. நம் ஊர்ப் பட்டறைகளில் நிற்கும் லேத்துகளில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு. நான் தினம் பார்க்கிற விஷயம், சி.என்.சி. என்றதும் மறந்து போயிருக்கிறது.

இதைக் கொஞ்சம் கணக்காகச் சொன்னால் இப்படி. எந்தப் பொருளுக்கும் ஆறு விதமான அசைவு உண்டு: மூன்று திசையில் நகர்வது, மூன்று அச்சில் திரும்புவது. ஸ்லைடின் வேலை அதில் ஐந்தைத் தடுத்து ஒன்றை விடுவது. ஐந்தைத் தடுக்க ஐந்து இடத்தில் பிடித்தால் போதும். ஆறாவதாக, ஏழாவதாகப் பிடிக்கிற ஒவ்வொரு இடமும் மற்றவற்றோடு மைக்ரான் கணக்கில் ஒத்துப்போக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் ஒன்றோடு ஒன்று மல்லுக்கட்டும். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்கிற அதே காரணம்தான். தொழிற்சாலை மெஷின்கள் ஏழு, எட்டு என்று பிடிக்கின்றன என்றால் அவர்களிடம் கிரைண்டிங் மெஷின் இருக்கிறது. என்னிடம் இருப்பது ட்ரில்லிங் மெஷினும் அரமும்.

ஆகவே வடிவம் இப்படி அமைந்தது. 80-க்கு 40 பாக்ஸ் பைப்பை உயரவாக்கில் நிறுத்தி, அதன் தலையில் 75-க்கு 10 பிரைட் ஃப்ளாட்டை (இழுத்துப் பளபளப்பாகச் செய்த இரும்புப் பட்டை) படுக்கவைத்துப் போல்ட் போட்டேன். பைப்பின் அகலம் 40, ஃப்ளாட்டின் அகலம் 75 என்பதால் இரு பக்கமும் 17.5 மில்லி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டல்தான் முழு விஷயமும். வழிகாட்டும் பக்கத்தில் நீட்டலின் மேலே ஒரு பேரிங், நேர் கீழே ஒரு பேரிங், ஃப்ளாட்டைக் கவ்விப் பிடிக்கின்றன. இந்த ஜோடி வண்டியின் முன் முனையில் ஒன்று, பின் முனையில் ஒன்று. அப்புறம் ஃப்ளாட்டுக்குக் குறுக்கே மேலாக ஒரு ஆங்கிள் துண்டு, அதன் இரு முனையிலிருந்தும் கீழ்நோக்கித் தொங்கும் போல்ட்டில் ஆளுக்கொரு பேரிங், ஃப்ளாட்டின் இரண்டு விளிம்பையும் பிடிக்க. இதுவும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆக வழிகாட்டும் பக்கத்தில் நாலு பிடிப்பு. எதிர்ப்பக்கத் தண்டவாளத்தில் நடுவில் ஒரே ஒரு கவ்வும் ஜோடி, விளிம்பில் ஒன்றும் இல்லை. மொத்தம் ஐந்து.

பேரிங் எல்லாமே 608. உள் விட்டம் 8, வெளி விட்டம் 22, அகலம் 7. ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருகிற அதே சாமான், எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. ஒரு பேரிங்கின் நிலை எடைத் திறன் ஏறக்குறைய 140 கிலோ என்பதால் எடைக்குப் பயப்படத் தேவையில்லை. கடையில் கேட்கும்போது சி3 வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சி3 என்றால் உள்ளே குண்டுக்கும் வளையத்துக்கும் இடையில் கூடுதல் இடைவெளி. இந்த அளவில் சாதாரண பேரிங்குக்கு 2 முதல் 13 மைக்ரான், சி3-க்கு 8 முதல் 23. சூடாகிற மோட்டாருக்கு அது நல்லது, நமக்கு வெறும் ஆட்டம். தகட்டு மூடி போட்டது லேசாகச் சுற்றும், ரப்பர் மூடி போட்டது கொஞ்சம் இழுக்கும். எம்.டி.எஃப். தூசியைக் கண்ணால் பார்த்த யாரும் ரப்பரைத்தான் வாங்குவார்கள்.

வாஷர் விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். சாதாரண எம்8 வாஷரின் வெளி விட்டம் 16 மில்லி. 608-ன் உள் வளையத்தின் முகம் 12 மில்லி அளவில் முடிந்துவிடுகிறது. பேரிங்குக்கும் தட்டுக்கும் நடுவில் அந்த வாஷரைப் போட்டு இறுக்கினால் அது மூடியில் உரசும். கையில் சுற்றிப் பார்த்தால் கரகரவென்று இருக்கும், பேரிங் மட்டம் என்று தோன்றும். பேரிங்கில் குறை இல்லை. வெளி விட்டம் 12-க்குள், உள் விட்டம் 8, கனம் 2 மில்லி என்று சின்ன வளையங்களை லேத்தில் வெட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. போல்ட்டும் முழு மரை வேண்டாம், பாதி மரை வாங்குங்கள். மரையின் கூர்முனை மேல் உட்காரும் பேரிங் எங்கே இருக்கிறது என்று அதற்கே தெரியாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பாகம், எக்சென்ட்ரிக் புஷ், அதாவது மையம் தள்ளித் துளை போட்ட புஷ். ஜோடியில் ஒரு பேரிங் நிலையாக இருக்கும். எதிரே இருப்பதைத் திருகி அருகே கொண்டுவந்து அழுத்த வேண்டும். 17 மில்லி ஹெக்ஸ் (அறுகோண) கம்பியில் ஒரு முனையை 12 மில்லிக்குக் கடைந்து, அதில் 8 மில்லி துளையை மையத்திலிருந்து 0.75 மில்லி தள்ளிப் போட வேண்டும். தட்டில் 12 மில்லி ரீமர் போட்ட (அளவு பிசகாமல் சீவிய) துளைக்குள் புஷ் உட்காரும், அதன் வழியே போல்ட், போல்ட்டில் பேரிங். ஹெக்ஸ் தலையை ஸ்பேனரால் திருப்பினால் பேரிங் மொத்தம் 1.5 மில்லி ஏறி இறங்கும்.

மையம் தள்ளித் துளை போட நாலு ஜா சக்கும் (ஜா என்பது லேத்தில் கம்பியைக் கவ்வும் பல்) டயலும் வேண்டும் என்று நினைத்திருந்தேன். அண்ணன் மூன்று ஜா சக்கிலேயே முடித்தார். ஒரு ஜாவுக்கு அடியில் மட்டும் தகடு வைத்தார். எவ்வளவு கனம் என்றால், "தள்ள வேண்டியதுல ஒண்ணரை மடங்கு தம்பி." 0.75-க்கு 1.125, அவர் வைத்தது 1.1 தகடு. வீட்டுக்கு வந்து ஜாமெட்ரி போட்டுப் பார்த்தேன். உருண்டைக் கம்பிக்கு அந்த ஒன்றரை மடங்கு தோராயம்தான். ஹெக்ஸ் கம்பிக்கோ அது மிகச் சரியான விடை, ஏனென்றால் ஜா உட்காருவது தட்டையான முகத்தில். அவர் எந்தக் காகிதத்திலும் எழுதிப் பார்க்காத கணக்கு.

புஷ்ஷைப் பொருத்தும்போது ஏற்ற இறக்கத்தின் நடுவில் வேலை செய்கிற மாதிரி வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு டிகிரி திருப்பினால் பேரிங் 13 மைக்ரான் நகரும், கையால் உணர்ந்து வைக்க வசதியான அளவு. சரியாக வைத்தோமா என்று பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். வண்டியை அசையாமல் நிறுத்திவிட்டு அந்தப் பேரிங்கை மட்டும் விரலால் சுற்றுங்கள். தாராளமாகச் சுற்றினால் லூஸ். அசையவே மறுத்தால் டைட். கொஞ்சம் முரண்டு பிடித்து, வழுக்கிக்கொண்டே திரும்பினால் அங்கேயே நட்டை இறுக்குங்கள். நட்டு இறுகும்போது புஷ்ஷும் கூடவே திரும்பப் பார்க்கும், ஸ்பேனரை விட்டுவிடக் கூடாது.

தட்டின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. பேரிங்கில் 20 மைக்ரான் ஆட்டம் இருக்கிறது, கட்டர் முனை அதற்கு 150 மில்லி கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் பேரிங்குக்கும் பின் பேரிங்குக்கும் இடைவெளி 80 மில்லி என்றால் கட்டர் முனையில் அது சுமார் 38 மைக்ரானாக வளரும். 280 மில்லி என்றால் 11-ஆகச் சுருங்கும். விலை உயர்ந்த பேரிங் வாங்குவதைவிட இடைவெளியைக் கூட்டுவது மலிவு. நான் 280 வைத்தேன். ஓடும் தூரத்தில் அவ்வளவு குறையும், குறையட்டும்.

ஒரு பக்கம் மட்டும் வழிகாட்டும் இந்த அமைப்புக்கு ஒரு விலையும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே பாலம்போல் ஓடும் கேன்ட்ரியின் அகலம் 700. வழிகாட்டும் பக்கத்து விளிம்புப் பேரிங்கில் இருக்கும் ஆட்டம், எதிர் முனையில் இரண்டரை மடங்காகத் தெரியும். அதனால் இங்கே 'கொஞ்சம் ஆட்டம் பரவாயில்லை' என்ற பேச்சே இல்லை, அழுத்திப் பிடித்துத்தான் ஆக வேண்டும். கேன்ட்ரியைத் தள்ளும் மரைக்கம்பியான பால் ஸ்க்ரூவையும் நடுவில் வைக்காமல் வழிகாட்டும் தண்டவாளத்துக்கு ஒட்டினாற்போல் வைத்தேன். கேன்ட்ரி பீம் முறுக்கத்தையும் தாங்க வேண்டியிருப்பதால் நாலு பக்கமும் மூடிய பாக்ஸ்தான், திறந்த சி சேனல் உதவாது. ஒரே கனத் தகட்டில் செய்தாலும் மூடிய வடிவத்துக்கும் திறந்த வடிவத்துக்கும் முறுக்கத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இனி தண்டவாளத்தை நேராக்குவது. பிரைட் ஃப்ளாட் வாங்கும்போதே பாதி வேலையை முடித்துவிடலாம். இரண்டு துண்டை விளிம்போடு விளிம்பு வைத்து டியூப்லைட்டுக்கு நேராகப் பிடியுங்கள். ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி மறுபடி பாருங்கள். வளைவு இருந்தால் ஏதாவது ஒரு நிலையில் வெளிச்சம் இரு மடங்காகக் கசியும். கடைக்காரர் முறைத்தாலும் நாலைந்து துண்டைப் புரட்டித்தான் எடுத்தேன். 75 மில்லி அகலத்தைப் பக்கவாட்டில் பிறகு வளைத்து நேராக்க நம்மால் முடியாது. இன்னொன்று, பிரைட் பாரின் ஒரு முகத்தை மட்டும் மில்லிங் போடக் கொடுத்துவிடாதீர்கள். இழுத்துச் செய்யும்போது மேல்தோலில் தங்கிய இறுக்கம் ஒரு பக்கம் மட்டும் விடுபட்டதும் வில்லாக வளையும்.

விளிம்பு நேராக இருக்கிறதா என்று மேசையில் வைத்துச் சோதிக்க ஒரு கிட்டார் தந்தி போதும். முதல் தந்தி, கால் மில்லி கனம். ஒரு முனையைக் கட்டி மறுமுனையில் 5 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டால், மீட்டர் நீளத்தில்கூட அது தொய்வது 10 மைக்ரானுக்குள். பக்கவாட்டில் பார்ப்பதால் அந்தத் தொய்வும் கணக்கில் வராது. தந்திக்கும் விளிம்புக்கும் நடுவில் ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடு) நுழைத்து, மல்டிமீட்டரைத் தந்தியிலும் கேஜிலும் மாட்டிக்கொண்டால் தொட்ட கணத்தில் பீப் அடிக்கும். தந்தியின் முனைகள் இரும்பைத் தொடாமல் பிளாஸ்டிக் துண்டில் தாங்க வேண்டும், அவ்வளவுதான். மேடாகத் தெரிந்த இடங்களை அரத்தால் நீளவாக்கில் இழுத்து, பிறகு மரக்கட்டையில் சுற்றிய எமரியால் தேய்த்துச் சமன் செய்தேன். பொறுமை தேவைப்படுகிற ஒரே கட்டம் இது. ரேடியோ போட்டுக்கொள்ளுங்கள்.

மேல்கீழ் மட்டத்துக்கு எபாக்சி, கலந்து ஊற்றினால் கெட்டியாகும் பிசின். கொத்தனார் ட்யூப் லெவல் பிடித்து இரண்டு தூணை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவார் அல்லவா, தத்துவம் அதேதான். இரண்டு பாக்ஸ் பைப்பின் தலையிலும் டேப்பால் கரை கட்டி, இரண்டையும் ஒரு குறுக்குக் கால்வாயால் இணைத்து, நீர்த்த, மெதுவாக இறுகும் எபாக்சியை ஊற்றினால் அதுவே ஓடி ஒரே மட்டத்தில் நிற்கும். 5, 6 மில்லி ஆழம் வேண்டும், குறைந்தால் ஓடாது. குமிழியை ஹேர் டிரையரால் விரட்டலாம். ஓரங்களில் கரையோடு ஒட்டி மேலேறி நிற்கும் பகுதியை இறுகிய பிறகு அரத்தால் சீவிவிட வேண்டும், இல்லையென்றால் ஃப்ளாட் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஊற்றிய பிறகு பட்டறையில் யாரும் சுத்தியல் எடுக்கக் கூடாது என்று மச்சானிடம் சொல்லிவைத்தேன். கதவுப் பட்டறையில் அதைச் சொல்லி நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஊற்றிய நேரத்தைப் பார்த்தால் தெரியும்: ஞாயிறு இரவு.

இசட் அச்சைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 16 மில்லி குரோம் ராடு இரண்டு, டெல்ரின் பிளாஸ்டிக் கட்டையில் ரீமர் போட்டுப் பக்கவாட்டில் ஒரு கீறல், கீறலைச் சேர்த்து இறுக்க ஒரு அலன் போல்ட். தேய்ந்தால் ஒரு திருகு. நைலான் மலிவாகக் கிடைக்கிறது என்று அதில் செய்யாதீர்கள். நைலான் ஈரம் குடித்து உப்பும், ஐப்பசி மழையில் புஷ் ராடைக் கவ்விக்கொண்டு விடாது. 3டி பிரின்டரில் அடித்த பி.எல்.ஏ. பிளாஸ்டிக் புஷ்ஷும் அப்படித்தான், இறுக்கத்திலேயே இருந்தால் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும், 60 டிகிரி பக்கம் சூடானால் குழைந்தே விடும்.

ஓட ஆரம்பித்த புதிதில் பிடிப்பு தளரும். பேரிங்கின் வெளி வளையம் கடினப்படுத்திய எஃகு, நம் ஃப்ளாட் சாதா இரும்பு. மேற்பரப்பின் நுண்ணிய மேடுகள் நசுங்கி, பேரிங் ஓடும் இடத்தில் கண்ணாடி போலப் பளபளக்கும் ஒரு கோடு விழும். எக்சென்ட்ரிக்கை மறுபடி கொஞ்சம் திருப்பி வைத்தால் அதற்குப் பிறகு பெரிதாக நகர்வதில்லை. கிரீஸ் மட்டும் தடவிவிடாதீர்கள். மரத்தூளும் கிரீஸும் சேர்ந்தால் பேரிங் மேல் கெட்டியாக ஒரு தோல் வளர்ந்து, வண்டி தடக் தடக் என்று ஏறி இறங்கும். ஒவ்வொரு பேரிங்குக்கும் முன்னால் தண்டவாளத்தைத் தொடுகிற மாதிரி ஒரு ஃபெல்ட் துண்டு, அதில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். தூசியும் துடைபடும், துருவும் பிடிக்காது. ஃபெல்ட்டை மச்சானின் ஆட்கள் கழற்றித் தட்டிவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள், எக்சென்ட்ரிக் பக்கம் மட்டும் கை வைப்பதில்லை. அந்த 17 ஸ்பேனரை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.